பாவப் பட்டியலில் இல்லாத பாவம்

1982-ல் திருச்சியில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் கூடினார்கள். சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமே இல்லை, அது மனிதத்தன்மையற்றது என்று அறிவித்தார்கள். நல்ல அறிக்கை. அதே திருச்சியில், மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், தலித் பிணங்களையும் மற்றப் பிணங்களையும் பிரிக்கும் சுவர் அன்றைக்கும் நின்றது. அறிக்கை வந்தது, சுவர் அசையவில்லை. காகிதத்துக்குச் செங்கல் என்றைக்குப் பயந்தது?

2010-ல் அந்தச் சுவரை இடிக்கப் போனவர்கள் விசுவாசிகள் அல்ல, பெரியார் தொண்டர்கள். உயிர்த்தெழுதலில் துளியும் நம்பிக்கை இல்லாத கூட்டம். செத்தபின் ஒன்றுமில்லை என்பவனுக்குச் செத்தவனின் மானத்தைப் பற்றிக் கவலை. நித்திய வாழ்வு உண்டு என்பவனுக்கோ, அந்த நித்தியத்தில் பக்கத்தில் படுப்பவன் யார் என்ற கவலை.

வியாதி பழசுதான். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக்குப் போய், 1872-ல் எழுந்த திருக்குடும்பக் கோயிலைப் பாருங்கள். ஒரே பீடம், அதிலிருந்து பிரியும் இரண்டு கூடங்கள். வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. எல்லாரும் பூசையைப் பார்க்கலாம்; ஒருவரை ஒருவர் பார்த்துத் தொலைக்க வேண்டாம். 1910-ல் திருச்சபையே கூடங்களைப் பிரித்த தடுப்பை எடுத்தது. உடனே சிலருக்கு மனம் புண்பட்டது. தடுப்பு எங்கள் உரிமை என்று கோர்ட் ஏறினார்கள். அப்படி ஓர் உரிமை கிடையாது என்று 1917-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று வேதக்காரனுக்கு விளக்க ஒரு நீதிபதி. வக்கீல் பீஸ் தனி.

சரி, அது வெள்ளைக்காரன் காலம் என்பீர்கள். 2008 மார்ச் 9 யார் காலம்? விழுப்புரம் பக்கம் எறையூர். சாவு ஊர்வலம் முதல் சகலத்திலும் ஒதுக்கப்பட்ட தலித் கத்தோலிக்கர்கள், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். பதிலாக அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டது. இரண்டு உயிர் போயிற்று. அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. உலகெங்கும் கத்தோலிக்கக் கோயில்களில் அன்று வாசித்த நற்செய்தி, இலாசரைக் கல்லறையிலிருந்து எழுப்பிய பகுதி.

பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யச் சொல்வார்கள். பொய், களவு, கெட்ட பார்வை, ஞாயிறு பூசைக்கு மட்டம் போட்டது, எல்லாம் பட்டியலில் உண்டு. "சாமி, அந்தத் தெருவுக்குத் தேரை விடாமல் நான்தான் மறித்தேன்" என்று அழுதவன் உண்டா? சாமியாருக்கும் தெரியும். நல்ல சமாரியனைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் வைப்பார். தேர் எந்த முக்கில் திரும்பிவிடுகிறது என்பதை மட்டும் தொடமாட்டார். தொட்டால் கோயிலுக்குப் பூட்டு, ஆயருக்கு மனு, அவருக்கு மாற்றல். தொட்ட சாமியார்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் கும்பிடு. கன்னியர் மடத்தில் மனசு பொறுக்காமல் எழுத்தாளர் பாமா வெளியேறினார். 1992-ல் அவருடைய 'கருக்கு' வந்தது. இந்த வீட்டிலிருந்து வெளியே போவது எப்போதும் மனசாட்சிதான். சாதி போனதாகச் சரித்திரம் இல்லை.

டெல்லிக் கூத்து தனி. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியர், 1990-ல் பௌத்தர் சேர்ந்தார்கள். கிறிஸ்தவன் வெளியே. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையாம்! அதை முழுசாக நம்புகிற ஒரே பக்தன் சர்க்கார்தான். ஐயோ, எங்களிடமும் சாதி இருக்கிறது என்று ஆயர்கள் டெல்லியில் வாதாடுகிறார்கள். நியாயமான வாதம், ஜெயிக்கவேண்டிய வாதம். ஆனால் ரயில் ஏறி ஊர் திரும்பியதும் வாதம் மாறிவிடுகிறது. சாதியா? நம் பங்கிலா? சில விஷமிகள் தூண்டிவிடுகிறார்கள்.

2025-ல் கோட்டப்பாளையம் தலித் கத்தோலிக்கர்களின் மனு உச்ச நீதிமன்றம் வரை போனது. தங்கள் சொந்தக் கோயிலில் சமமாக நடத்தச் சொல்லி. இப்படி ஒதுக்குகிறவர்களின் கெட்டிக்காரத்தனம் வேறெங்கும் பார்க்க முடியாது. பல ஊர்களில் திருவிழா வரியைத் தலித்திடம் வாங்கவே மாட்டார்கள். காசு வேண்டாம் என்கிற கோயில் கமிட்டியை நீங்கள் கண்டதுண்டா? காரணம் இருக்கிறது. வரி வாங்கினால் ரசீது தரவேண்டும். ரசீது தந்தால் தேர் அவன் தெருவுக்கும் போகவேண்டும். உண்டியலில் அவன் போடும் காசுக்கு மட்டும் தீட்டில்லை. உண்டியல் ரசீது தராது.