'பையன்' அப்பா

கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸில் காலை நடைக்கு நாயோடு வருகிறவர்கள் பலர். 'பையனோடு' வருகிறவர் தனி ரகம். "நாயி நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டால் அவர் முகம் சுருங்கிவிடும். "பையனுங்க" என்று திருத்துவார். பையன் லேப்ரடார், 30 கிலோ. படுக்கை ஏசி அறையில். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் வீட்டில் யாரோடும் பேச மாட்டானாம்.

செலவுக்கு அஞ்சாத இந்த மனிதரிடம் டாக்டர், "ரத்தம் எடுத்து இதயப்புழு இருக்குதான்னு பாத்துரலாங்க" என்று சொல்லட்டும். கை தானாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொள்ளும்.

"சிறுவாணித் தண்ணி குடிக்கற பையனுக்குப் புழு எப்படிங்க வரும்?"

தண்ணீரில் வராது, கொசு கடித்துத்தான் வரும் என்பார் டாக்டர். "கோயமுத்தூர்ல ஏதுங்க கொசு?" என்றபடியே முழங்கையில் ஒன்றை அடித்துத் தேய்ப்பார்.

அவர் அலட்சியத்திலும் பாதி நியாயம் உண்டு. இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாயிலும் குடியேறி ஓர் அடி நீளம்வரை வளரும் டைரோஃபைலேரியா இமிட்டிஸ், நம் நாட்டில் அசாம், மிசோரம் பக்கம்தான் அதிகம். தெற்கே அதிகம் அகப்படுவது அதன் பங்காளி ரெபென்ஸ். தோலுக்கடியில் காலம் தள்ளும். கேரளத்தில் மனிதர் கண்ணிலிருந்தே அதை எடுத்திருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டக் கொசுவுக்குப் பர்மிட்டா வேண்டும்?

மாதாமாதம் மாத்திரை என்றதும் அடுத்த யோசனை பிறக்கும். "தோட்டத்துல காங்கேயம் மாட்டுக்கு வாங்குன ஐவர்மெக்டின் ஊசி கெடக்குதுங்க. அதுல ஒரு எம்எல் போட்டுவுட்டா?"

டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டுவார். 1 சதவீத மருந்தில் ஒரு எம்எல்லுக்கு 10 மில்லிகிராம். இதயப்புழுத் தடுப்புக்கு நாய்க்கு வேண்டியது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்; பையனுக்கு 180. ஒரு எம்எல் என்றால் 55 மடங்கு! கோலி இன நாயென்றால் உயிருக்கே உலை. ரத்தத்தில் குட்டிப்புழு நிறைய இருந்தால் எல்லாம் ஒரேயடியாகச் செத்து, எந்த நாயும் சுருண்டு விழலாம். அதனால்தான் முதலில் சோதனை.

ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் தகட்டில் ஏறியது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் நிமிரவில்லை. சிவப்பணுக்களை முட்டித் தள்ளிக்கொண்டு நூலிழை மாதிரி ஒன்று துள்ளித் துள்ளி நெளிகிறது.

"இது பையனோடதுதானுங்களா? மாத்தி வெச்சிருக்கப் போறீங்க."

"அவனோடதுதானுங்க. இதயப்புழு கிட்டுல ஒண்ணுமில்ல. இது பங்காளியாட்டம் இருக்குது."

தோட்டத்து வரப்புக்காகச் சொந்தப் பங்காளியோடு வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடப்பவர் இவர். அந்த ஒரு வார்த்தை போதும். "பங்காளின்னா விடவே கூடாதுங்க!"

மறுநாளே ரேஸ்கோர்ஸில் பிரசங்கம் தொடங்கிவிட்டது. எதிரே வரும் பக் நாய்க்காரம்மாவை நிறுத்தி, "மாசாமாசம் மாத்திரை குடுக்கறீங்களா அம்மிணி?" ஊருக்கு உபதேசம் முடிந்ததும் டாக்டருக்குப் போன்.

"தோட்டத்துல காவலுக்கு நாலு நாயி இருக்குதுங்க. நாலு ரத்தத்தையும் ஒண்ணாக் கலந்து ஒரே டெஸ்ட்டாப் பாத்துட்டா, பில்லு ஒண்ணுதானுங்களே?"