நான்தான் சார் கேரண்டி

எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் ஒரு துண்டுச் சீட்டாகத்தான் வந்தது. 1999 செப்டம்பர் முதல் வாரம். காசினோ தியேட்டர் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, ரிச்சி தெருக் கூட்டத்தில் முட்டி மோதி, மாடிப்படிக்கு அடியில் பீரோ அகலத்துக்கு இருந்த ஒரு கடையில் அப்பாவும் நானும் நின்றோம். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "பட்ஜெட் எவ்வளவு சார்?" அப்பா 40,000 என்றார். அவர் மளமளவென்று பத்து வரி எழுதிக் கூட்டினார். 41,500 வந்தது.

செலரான் பிராசசர், மதர்போர்டு, 64 எம்பி ராம், 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க், 8 எம்பி ஏஜிபி கார்டு, ஃப்ளாப்பி டிரைவ், சிடி டிரைவ், 14 இஞ்ச் மானிட்டர், கீபோர்டும் மவுஸும், எஸ்எம்பிஎஸ்ஸோடு கேபினெட். அப்பா ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டார்.

"செலரான் சார். பென்டியத்தோட தம்பி. 128 கேபி கேஷ்."

"கேஷ்தான் தருவேன். செக் பழக்கமே நமக்குக் கிடையாது" என்றார் அப்பா. கடைக்காரர் திருத்தவில்லை. அவருக்கும் அதுதான் வசதி.

ஹார்ட் டிஸ்க் ஆயுசுக்கும் நிரம்பாது என்றார். யார் ஆயுசு என்று சொல்லவில்லை.

அப்பாவின் கவலை வேறு. "அசெம்பிள்டுன்னா கம்பெனி பேரே கிடையாதே. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரைக் கேக்கிறது?" கடைக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அந்தக் கையை அப்படியே நெஞ்சில் வைத்தார். "நான்தான் சார் கேரண்டி."

சீட்டு ஒரு மாதம் அப்பாவின் பையில் ஊரைச் சுற்றியது. ஆபீஸ் நண்பர் பென்டியம் த்ரீ போடச் சொன்னார். எதிர்வீட்டு பேங்க் மாமா, ஃப்ளாப்பி டிரைவ் இரண்டாக இருந்தால் ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும் என்றார். பெரியப்பாவுக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றுமே தெரியாது. "ஐந்நூறு குறைச்சுக் கேளு" என்றார். பலித்தது அவர் சொன்ன யோசனை ஒன்றுதான்.

இருபத்தாறு வருஷம் கழித்து, காலேஜ் முதல் வருஷம் படிக்கும் என் மகன் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போவதாகச் சொன்னான். எதற்கு என்றேன். "கேம் ஆடத்தான்" என்றான், கண்ணைப் பார்த்து. நான் அப்பாவிடம் "படிப்புக்கு" என்று சொல்லி வாங்கி, மூன்று மாதம் சீட்டுக்கட்டு ஆடினேன். அந்தச் சிரமமெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை.

அவனிடம் துண்டுச் சீட்டு இல்லை. எக்செல் ஷீட் இருந்தது. ஒவ்வொரு பார்ட்டுக்கும் மூன்று மாற்று, ஒவ்வொரு மாற்றுக்கும் நாலு கடை விலை, சிவப்பு, பச்சைக் கட்டங்கள். இரண்டு மாதம் ராத்திரி பகலாக வீடியோ பார்த்துத் தயாரித்தது. ரைசன் 7 7800எக்ஸ்3டி என்றான். ஏன் என்றேன். "கேஷ்ப்பா. 96 எம்பி." கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் செலரானைப் போல 768 மடங்கு. அன்று அப்பா பணம் எண்ணி வாங்கிய ராம் முழுவதையும் இந்த பிராசசர் வயிற்றுக்குள் படுக்க வைத்தாலும் காலை நீட்ட இடம் மிச்சமிருக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5070. அது ஒன்றே 250 வாட் இழுக்கும். எங்கள் பழைய கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ், மொத்த கம்ப்யூட்டருக்கும் சேர்த்து 250 வாட். அதற்கே அப்பா ஒவ்வொரு ராத்திரியும் வந்து, கரண்டு மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

கீபோர்டு விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வலித்தது. அப்பாவின் ஆபீசில் இருந்தது டிவிஎஸ் கோல்டு. தட்டினால் தெருமுனைக்குக் கேட்கும். வீட்டுக்கும் அதையே வாங்கலாம் என்று அவர் சொன்னபோது, தாலுகா ஆபீஸ் சத்தம் வீட்டில் வேண்டாம் என்று நான்தான் தடுத்து, சத்தமில்லாத மலிவு கீபோர்டை எழுத வைத்தேன். மகன் பல ஆயிரம் கொடுத்து வாங்கிய கீபோர்டு பெட்டியிலிருந்து வெளியே வந்தது. ஒரு விசையைத் தட்டினான். டக். "மெக்கானிக்கல்ப்பா. இந்தச் சத்தத்துக்குத்தான் காசே" என்றான். அதே தாலுகா ஆபீஸ்.

எக்செல் ஷீட்டில் எல்லாக் கட்டமும் பச்சையான பிறகு, ராம் கட்டம் மட்டும் வாரா வாரம் சிவந்துகொண்டே போனது. 2025 கடைசியில், நான் பணம் புரட்டி முடிப்பதற்குள், 32 ஜிபி டிடிஆர்5 விலை எங்கேயோ போய்விட்டது. "ஏஐ டேட்டா சென்டர்ப்பா" என்றான்.

"எவனோ எங்கேயோ ஏஐ நடத்தினா, நீ கேம் ஆடுற ராமுக்கு என்னடா சம்பந்தம்?" என்றேன். சொல்லும்போதே, இதே வாக்கியத்தை இதே குரலில் எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது.

1999 அக்டோபர். சரஸ்வதி பூஜைக்குள் வாங்கிவிட வேண்டும் என்று பணத்தோடு போனோம். சீட்டை வாங்கிய கடைக்காரர், ராம் வரியை மட்டும் அடித்துவிட்டுப் புது விலை எழுதினார். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "தைவான்ல பூகம்பம் சார்." அப்பா சிரித்தார். "தைவான்ல பூமி ஆடினா, ரிச்சி தெருவுல எதுக்குய்யா விலை ஆடுது?" ஐந்நூறு குறைத்தார்கள். ஆனாலும், ஏமாந்துவிட்டோம் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் எவன் என்ன சாக்குச் சொன்னாலும் 'தைவான் பூகம்பம்' என்பது பழமொழியே ஆகிவிட்டது.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னது உண்மை. 1999 செப்டம்பர் 21 விடியும் முன் வந்த அந்தப் பூகம்பத்தில் தைவானில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். சின்ச்சு நகரத்துச் சிப் தொழிற்சாலைகள் கரண்டு இல்லாமல் நின்றன. ராம் விலை உலகம் பூராவும் எகிறியது. மகன் சொன்னதும் உண்மைதான். உலகத்து ராமில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும்தான். ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்றுக்கொண்டிருந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பார்ட்ஸை நாம்தான் பொறுக்கி எடுக்கிறோம் என்பது அன்றும் ஒரு நினைப்பு, இன்றும் அப்படித்தான். அன்று பூமி ஆடியது, இன்று சந்தை ஆடுகிறது. சொன்ன விலையைக் கொடுத்தேன். ஐந்நூறு குறைத்துக் கேட்க வெப்சைட்டில் ஆள் இல்லை.

அன்று அசெம்பிள் செய்தது என் வயதுப் பையன். ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு கேபினெட்டுக்குள் கையை விட்டான். தகரத்தின் ஓரம் கட்டை விரலைக் கீறியது. விரலைச் சப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். ரத்தம் பார்க்காத கேபினெட் கிடையாது என்றான். ஸ்விட்சைப் போட்டால் திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து 'பீப் பீப்' என்று சத்தம். அப்பாவின் முகம் மாறியது. பையன் அசரவில்லை. "ரப்பர் இருக்கா?" என்று என்னைக் கேட்டான். ஸ்கூல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ராமை உருவி, தங்கக் கோடுகளை அழுந்தத் துடைத்து, ஊதி, திரும்பச் செருகினான். டிஸ்ப்ளே வந்தது. அன்று முதல் எனக்குத் தெரிந்த ஹார்டுவேர் வித்தை அது ஒன்றுதான்.

இன்றைய கேபினெட்டில் கீறல் விழாது. ஓரமெல்லாம் மடித்து வழவழவென்று இருக்கிறது. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே ஆடி மாத அம்மன் கோயில் சீரியல் செட். எங்கள் கம்ப்யூட்டருக்கு அம்மா பழைய புடவையில் உறை தைத்துப் போர்த்தியிருந்தாள். மகன் நாலு மணி நேரம் பூட்டினான். சுற்றிலும் வாரண்டி அட்டைகள். பிராசசருக்கு மூன்று வருஷம், எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பத்து, ராமுக்கு ஆயுசு முழுக்க. ஸ்விட்சைப் போட்டான். விளக்கெல்லாம் எரிந்தது, ஃபேன் எல்லாம் சுற்றியது. திரை கறுப்பு.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவன் முகத்தில் 1999-இன் அப்பா தெரிந்தார். அட்டைகளைப் புரட்டினான். ஒவ்வொரு அட்டையும் அதனதன் பார்ட்டுக்குத்தான் பொறுப்பு. எல்லாம் நன்றாக இருந்து மொத்தமாக ஓடாவிட்டால் யாரைக் கேட்பது என்று எந்த அட்டையிலும் இல்லை.

"ஆஃப் பண்ணு. ரப்பர் எடு" என்றேன்.

நம்பாமல் கொடுத்தான். ராமை உருவித் துடைத்தேன், ஊதினேன், செருகினேன். ஸ்விட்சைப் போடச் சொல்லிவிட்டு, பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் டீ போடப் போனேன். பால் பொங்கும் நேரத்தில் ஹாலிலிருந்து கூச்சல். "அப்பா! டிஸ்ப்ளே!"

சாயங்காலம் குப்பையைக் கூட்டும்போது, மதர்போர்டில் ராம் செருகும் இடத்தின் மேல் ஒட்டியிருந்து அவன் படிக்காமல் உரித்துப் போட்ட ஸ்டிக்கர் கையில் வந்தது. முதல் முறை போடும்போது ராமைச் சோதித்துப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷங்கள் ஆகும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், அணைக்காமல் காத்திருக்கவும் என்று இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"திரும்ப இப்படி ஆனா என்னப்பா பண்றது?" என்று கேட்டான் மகன்.

"ரப்பரைத் தொலைச்சுடாதே" என்றேன்.