இசைவுத்தாள் பெயர்வியல்

மாணாக்க, கேள். நன்னூல் செய்த பவணந்தியார் ஆசிரியர் இன்னார் என்றார். ஆசிரியர் ஆகாதார் இன்னார் என்றார். மாணாக்கரை அன்னத்தோடும் எருமையோடும் ஒப்பிட்டு வகுத்தார். ஆயினும் கடல் கடந்து கற்பிக்கும் ஆசிரியர் ஒரு பள்ளியினின்று இன்னொரு பள்ளிக்குச் செல்லுங்கால் அவர்தம் இசைவுத்தாள் எவ்வாறு திரியும் என்பதைக் கூறாது விட்டார். அவர் நாளில் தோகாவில் பள்ளி இல்லை என்பது இக்குறைக்குப் போதிய விடை ஆகாது. அதனை நிரப்புதல் இந்நூலின் பயன்.

இந்நூல் எழுந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. வியாழனை வழிபட மக்கள் செல்லும் ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தது; இரண்டையும் மயங்கற்க. ஆசானாகிய கோள் அமர்ந்த ஊர் அது. ஆசான் அமர இடமின்றித் திருச்சிக்குப் போய் வானூர்தி ஏறிய ஊர் இது.

பெயர்வு என்பது, அயல்நாட்டில் கற்பிப்பவரின் தாள் ஒரு முதலாளியின் பெயரினின்று நீங்கி இன்னொரு முதலாளியின் பெயரில் பொருந்துதல். ஊரார் இதனை ‘விசா மாத்துறது’ என்பர். வளைகுடா வழக்கில் ‘ரிலீசு வாங்குறது’. விடுபவர் நிலைமுதலாளி. கொள்பவர் வருமுதலாளி. இருவர்க்கும் இடையே பெட்டியோடு நிற்பவர் பெயர்வாளர். நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் நிகழ்வன அனைத்தும் ஈண்டும் நிகழுமாதலின், புணரியல் கற்றார்க்கு இந்நூல் எளிது. கல்லார் முகவரிடம் செல்க.

பெயர்வு மூன்று: இயல்புப் பெயர்வு, திரிபுப் பெயர்வு, அல்வழிப் பெயர்வு.

முதலாவது இயல்புப் பெயர்வு. நிலைமுதலாளியைக் கேளாமலே புணர்வது. சிங்கப்பூரில் உயர்பணிச் சீட்டு உடையார்க்கு வருமுதலாளி புதுச்சீட்டு வேண்டி எழுதுவார். பழையவர் உடம்பாட்டை அரசு கேட்பதில்லை. இவ்வகையில் உரையாசிரியர் சொல்லுதற்கு ஒன்றும் இல்லை. இடர் இல்லாத இடத்தில் உரை வளராது.

இரண்டாவது திரிபுப் பெயர்வு. இதுவே விரித்து உரைக்கத் தக்கது.

இதன் உயிர்நிலை உடம்படுமெய். பலாவும் இலையும் தாமே சேரா. வகரம் வந்து உடம்பட்டால்தான் பலாவிலை. வடகாட்டுப் பலாவுக்கும் இந்நெறியே. அவ்வாறே இரு முதலாளிகளுக்கு இடையே ‘என்.ஓ.சி.’ எனும் தடையின்மை மடல் வந்து நின்றாலன்றித் தாள் புணராது என்பது வளைகுடாவின் பழைய சட்டம். உடம்படுமெய் மூவகைத்து. கேட்டவுடன் வருவது யகர உடம்படுமெய். கெஞ்சிய பின் வருவது வகர உடம்படுமெய். ஏகாரத்தின் முன் யகரமும் வகரமும் இரண்டும் வரும் என்பது நூல் வழக்கு. அதுபோலத் தருவேன் என்றும் தரேன் என்றும் ஒரே கிழமையில் இருமுறை சொல்வது ஈருடம்படுமெய். இம்மூன்றாவதை ஓமனின் மசுகட்டில் யானே கண்டேன்.

அது 2016. ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்து வந்தேன். பள்ளியின் பெயர் நூலுக்கு வேண்டாதது. அடுத்த தெருப் பள்ளி நாற்பது ரியால் கூடுதலாகத் தர முன்வந்தது. பங்குனியில் மடல் கேட்டேன். வளைகுடாவில் நம் நாட்டுக் கல்விமுறைப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குவதால் பெயர்வுகள் பெரும்பாலும் பங்குனியிலேயே முளைக்கும். இவற்றைப் பங்குனிப் பெயர்வு என்க. முதல்வர் இழுப்பறையைத் திறந்தார். கையொப்பமிட்ட மடல் உள்ளே கிடந்தது. என் பெயரும் அதில் இருந்தது. அதன்மேல் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை வைத்து, “தேர்வுத்தாள் திருத்தி முடிங்க சார், பாப்போம்” என்று இழுப்பறையை மூடினார். தாள் திருத்தினேன். மடல் பெட்டிக்கு அடியிலேயே இருந்தது.

மடலின்றி ஓமனைவிட்டு நீங்கியவர் இரண்டாண்டு அங்கு மீள வேலைக்கு வர இயலாது என்பது அந்நாளைய சட்டம். ஆலங்குடிக்குத் திரும்பினேன். அப்பத்தா நாள்தோறும் கேட்டார்: “தாளு மாறிருச்சாய்யா?” இவ்வினா அறியான் வினா அன்று, ஏவல் வினா. 2018 நவம்பரில் யானையின் பெயர் தாங்கிய புயல் வந்து எங்கள் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, வினா ஏவலாகவே நின்றது. கத்தாரின் தோகாவுக்குப் பறந்தேன்.

அங்கே ஒரு கிளைவகையைக் கற்றேன். சான்றிதழ்களை முன்னர் ஓமனுக்கென அப்போசுடில் எனும் பன்னாட்டுச் சான்றொப்பம் பெற்று வைத்திருந்தேன். அச்சான்றொப்ப உடன்படிக்கையில் நம் நாடு 2005இலும் ஓமன் பின்னரும் சேர்ந்தன. கத்தார் சேராத நாடு. ஆகவே அதே பட்டம், அதே பல்கலைக்கழகம், அதே நான்; தாளின் பின்புறம் மட்டும் மீண்டும் தூதரகம்வரை நடக்க வேண்டியதாயிற்று. இதனைப் புறத்திரிபு என்க.

இனி, உடம்படுமெய் கெட்ட வரலாறு. பகுரைன் 2009இல் இம்மடலை முதலில் தளர்த்தியது. 2011இல் ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்று மீண்டும் இறுக்கியது. கத்தார் 2020இல் நீக்கியது: பணி ஈராண்டுக்குள் ஆயின் ஒரு திங்கள், மேற்படின் இரு திங்கள் முன்னறிவிப்பு போதும். ஓமன் 2021 சனவரி 1 முதல் நீக்கியது. சவூதி அவ்வாண்டு மார்ச் 14 முதல், ஓராண்டு முடித்தவரை உடம்பாடின்றிச் செல்ல விட்டது. வீட்டுப் பணியாளர்க்கு அச்சலுகை அன்று தரப்படவில்லை. ஆயினும் மாணாக்க, சட்டத்தில் கெட்ட எழுத்து வழக்கில் உடனே கெடுவதில்லை. சட்டம் மாறிய பின்னரும் தோகாவில் ஒரு வருமுதலாளி என்னிடம், “எதற்கும் பழைய பள்ளியில் ஒரு மடல் வாங்கி வாருங்கள்” என்றார். இல்லாத எழுத்துக்கு இடம்விட்டு எழுதும் இவ்வழக்கிற்கு நினைவு உடம்படுமெய் என்று பெயரிட்டுள்ளேன்.

திரிபுகள் தாம் மூன்று. ஒன்று தோன்றல். வாழையும் பழமும் சேரப் பகரம் தோன்றுமாறு, தாளும் தாளும் சேரக் கட்டணம் தோன்றும். சவூதியில் முதற்பெயர்வுக்கு 2000 ரியால், இரண்டாவதற்கு 4000, அதன்மேல் 6000 என்பது நெடுநாள் வழக்கு. பெயரப் பெயர நீள்வதால் இது அளபெடை. அமீரகத்தில் தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் நாட்டுக்குள் வேறு முதலாளியிடம் செல்ல ஒரு திங்கள் முன்பே சொல்லல் வேண்டும். வருமுதலாளி பழையவர்க்கு ஆள்சேர்ப்புச் செலவைத் தரல் வேண்டும். நாட்டைவிட்டே போவதாயின் 14 நாள் போதும். அடுத்த தெருவினும் ஆலங்குடி அணித்து என்பது இதனால் பெறப்படும்.

இரண்டு திரிதல். பொன்னும் குடமும் பொற்குடமாவது போல, தமிழாசிரியர் அட்டையில் எழுத்தர் ஆவார். என் அட்டை ஓராண்டு ‘கிடங்குக் காப்பாளர்’ என்றது. வகுப்பறையில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தமையின் அதுவும் பொருந்தும் என்பார் உளர்.

மூன்று கெடுதல். மரமும் வேரும் மரவேர் ஆகுங்கால் மகரம் போய்விடும். அவ்வாறு போவது விடுப்பு ஊதியம். போன இடம் தெரியாது.

இனிச் சாரியை. புளியும் காயும் சேர இடையே ‘அம்’ வந்து புளியங்காய் ஆகும். ‘அம்’முக்குப் பொருள் இல்லை, அது இல்லாமல் காயும் இல்லை. இவ்விடத்தை வகிப்பவர் பள்ளியின் தாள் வேலைகளுக்காக அலுவலகந்தோறும் அலையும் ‘மந்தூப்’. அவர் வாய்ச்சொல் ஒன்றே: ‘புக்ரா’, அதாவது நாளை. நாளை மூவகைத்து. விடிந்தால் வருவது விடிநாளை. கிழமை கடந்து வருவது நெடுநாளை. ஊரிலிருந்து கொண்டுவந்த பலாச்சுளை வற்றலைத் தின்றுகொண்டே சொல்வது விடியா நாளை.

மூன்றாவது அல்வழிப் பெயர்வு. தாள் ஒருவர் பெயரில் இருக்க, கற்பித்தல் இன்னொருவரிடம் நிகழ்வது. ‘ஃப்ரீ விசா’ என்பர். அதில் ‘ஃப்ரீ’யாக ஒன்றும் இல்லை. நிலைமுதலாளி இதனை அறிந்து, ஆள் ஓடிவிட்டார் என்று சவூதி அரசுக்கு எழுதினால் அது ‘ஹுரூப்’. (வடவெழுத்தை நீக்கிக் குரூப் என்று எழுதின் குழு எனப் பொருள்படும் ஆதலின் ஒருமுறை பொறுத்தோம்.) பழைய தாள் கெட்டு, புதிய தாள் தோன்றாத இடைப்பட்ட நாள்களில் இருப்பவர் குற்றியலுகரம் போன்றவர், உயிர் வந்தால் உகரம் ஓடும். காட்டு: நாடு + இல்லை = நாடில்லை.

பயிற்சி. கீழ்வருவனவற்றைப் பிரித்து, இன்ன பெயர்வு, இன்ன திரிபு எனக் குறித்து எழுதுக.

அ) “சார், உங்க தாள் சிசுடத்துல இருக்கு, ஆனா தெரியல.”

ஆ) “மடல் ரெடி. கையொப்பம் போடுறவர் விடுப்புல ஊருக்குப் போயிருக்கார்.”

இ) “தாளு மாறிருச்சாய்யா?”

விடைகளை நாளைக்குள் தருக. ஈண்டு நாளை என்பது முதல் வகை.