கருந்திரையும் பல்சாளரமும்: ஒரு ரொறன்ரோ உரை

இவ்வாய்வு என் நுதலிற்றோ எனின், ஹைபிரிட் செயலி கட்டுவோர்க்குக் கமாண்ட் லைன் என்னும் கருந்திரை தகுமோ, ஐ.டி.ஈ. என்னும் பல்சாளரம் தகுமோ என்னும் ஐயம் அறுத்தல் நுதலிற்று. ஹைபிரிட் செயலியாவது, வலைப்பக்கமாக எழுதப்பட்டுக் கைபேசிச் செயலியின் உடையில் வெளியே அனுப்பப்படுவது. ‘அப்படியாயின் அது வலைப்பக்கந்தானே?’ என்பாரும் உளர். அவர் பெரும்பாலும் ஐபோனுக்கென்றே ஸ்விஃப்ட் மொழியில் எழுதுவோர். அவர்க்கு விடையளிப்பது நம் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இவ்வழக்கை ரொறன்ரோவில் வைத்து விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. எக்லிப்ஸ் என்னும் ஐ.டி.ஈ. ஐபிஎம்முக்குச் சொந்தமான ஒட்டாவா நிறுவனமொன்றில் வளர்ந்து 2001இல் வெளிவந்தது. ஹைபிரிட் தரப்பின் போன்கேப்பை வளர்த்தது வன்கூவரின் நிடோபி நிறுவனம். அந்நிறுவனத்தை 2011இல் அடோபி வாங்க, மூலநிரல் அப்பாச்சிக்குப் போய்க் கோர்டோவா ஆயிற்று. நிடோபி அலுவலகம் இருந்த தெருவின் பெயர் அது. கருந்திரையார் போற்றும் ‘ஆக்’ கருவியைச் செய்த மூவருள் ஆல்ஃபிரட் ஆகோ, பிரையன் கெர்னிகன் இருவரும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். கெர்னிகன் பிறந்ததே இவ்வூரில். ஆக, கட்சிக்காரர் எவரிடமும் கனடிய நிரந்தர வதிவிட (பி.ஆர்.) அட்டை கேட்க வேண்டியதில்லை.

இனிக் கொள்கை. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும்; பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் என்று வைணவ ஆசாரியர் முறையே வடகலை, தென்கலை வேறுபாட்டை விளக்குவர். ‘கோர்டோவா பில்ட் அன்ட்ராய்ட்’ என்று தன் கையால் தட்டி, ஓரெழுத்துப் பிழைத்தால் கீழே விழுபவன் குரங்கு நெறியினன். ஐ.டி.ஈ.யின் பச்சை முக்கோணத்தை அழுத்திவிட்டுக் கைகட்டி இருப்பவன் பூனை நெறியினன். (சைவரான ஸ்காபரோ வாசகர் பொறுத்தருள்க. சைவ சாத்திரமான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் எத்தனையோ சமயங்கள் மறுக்கப்படுகின்றன, கருந்திரையும் ஐ.டி.ஈ.யும் விடுபட்டுவிட்டன.)

நெறி எதுவாயினும் அதை நிர்ணயிப்பது மடி. 2023 ஜூலையில் ரொறன்ரோவின் ஸ்காபரோ ஆர்.டி. ரயில் தடம்புரண்டு, அப்படியே மூடப்பட்டபின், அவ்வழியே வேலைக்குப் போவோர் பஸ்ஸில் போகின்றனர். பஸ்ஸில் மடிக்கணினியை விரித்து அன்ட்ராய்ட் ஸ்டூடியோவையும் எமுலேட்டரையும் ஓட்டினால், கென்னடி நிலையம் வருமுன் பேட்டரி வறண்டுவிடும். கருந்திரையோ அதிகம் கேட்பதில்லை. ஆனால் ஜனவரி மாதப் பேஸ்மென்டில், மடியில் கொதிக்கும் ஐ.டி.ஈ.யின் அருமை ஹீட்டர் சரியாக வராத குடித்தனக்காரருக்கே தெரியும். எனவே ஒரே மனிதர் பகலில் வடகலையாகவும் இரவில் தென்கலையாகவும் இருத்தல் இயல்பு.

ஐபோனுக்குக் கட்டுவோர்க்கு இவ்வாராய்ச்சியால் பயனில்லை. எக்ஸ்கோட் மாக்கில் மட்டுமே ஓடும். கருந்திரையில் நின்று கட்டினாலும் கடைசியில் அதன் கருவிகளைத்தான் கூப்பிட வேண்டும். அவருக்குத் தேவை கொள்கையன்று, மாக் வாங்கக் காசு.

‘இரண்டும் வேறென்பது உண்மையோ?’ என்னும் வினா இவ்விடத்து எழும். அன்ட்ராய்டுக்குப் பொத்தானை அழுத்தினாலும் கட்டளையைத் தட்டினாலும் உள்ளே உழைப்பது கிரேடில் என்னும் கட்டுமானக் கருவிதான். சிவப்பெழுத்தில் திட்டுவதும் அதுவேதான். கபாசிட்டர் என்னும் ஹைபிரிட் கருவி இன்னும் ஒரு படி மேலே போய், அன்ட்ராய்ட் ஸ்டூடியோவைத் திறந்துவிடுவதற்கென்றே ஒரு கட்டளை வைத்திருக்கிறது. துறவி தன் கையாலேயே கல்யாணப் பத்திரிகை கொடுப்பது இதுதான். மறுபக்கம் வி.எஸ். கோடின் அடியில் கருந்திரையொன்று குடியிருக்கிறது. மார்க்கம் நகர்ப் பக்கத்து ரிம் ஹோர்ட்டன்ஸ் காப்பிக்கடை மேசைகளில் இக்குழப்பம் இப்படி ஒலிக்கலாம்:

“தம்பி, டெர்மினலைத் திற.”

“எது அண்ணை? உள்ளுக்க இருக்கிறதோ, வெளியில இருக்கிறதோ?”

அண்ணை யோசித்தபின், தான் பழகியதையே சொல்வார். தம்பியும் அதையே பிடித்துக்கொண்டு, ஐந்து வருடம் கழித்து இன்னொரு தம்பியிடம் அதுவே சிறந்ததென்று வாதிடுவார். ஆராய்ச்சியாளர் தேடும் ‘தெரிவுக் காரணிகள்’ பெரும்பாலும் இவ்வளவே.

இரு சாராரும் மாறுபாடின்றி உடன்படும் இடம் ஒன்றேயுண்டு. அன்ட்ராய்டின் உரிமப் பத்திரங்களுக்கு ஒப்புதல் தராவிட்டால் கட்டுமானம் நின்றுவிடும். பூனை நெறியினர் ‘ஏற்கிறேன்’ என்பதைச் சொடுக்குகின்றனர். குரங்கு நெறியினர் கேட்குந்தோறும் ‘ஒய்’ எழுத்தைத் தட்டுகின்றனர். அப்பத்திரங்களை வாசித்தவர் எந்த நெறியிலும் கிடைக்கவில்லை, இவ்வுரைகாரரும் வாசிக்கவில்லை.