இப்போதுதான் எழுந்து போனவர்

தமிழ்நாட்டில் எந்த வட்டாட்சியர் அலுவலகத்திற்குள் நுழைந்தாலும் மேசைகளைவிட ஆட்கள் குறைவாக இருப்பதைக் காணலாம். நிரப்பப்படாத பணியிடங்களே இதற்குக் காரணம் என்று ஊழியர் சங்கங்கள் கூறுவது பெருமளவு உண்மைதான் என்றாலும், அந்தப் பணியிடங்களையெல்லாம் நிரப்பிய பிறகும் முற்பகல் பதினொன்றேகால் மணியளவில் சில நாற்காலிகள் காலியாகவே இருக்கும் என்பதைச் சங்கங்களும் அறியும். காலையில் முறையாக வந்து கையொப்பமிட்டவர், விடுப்பு எழுதிக் கொடுக்காதவர், மாலையில் முறையாக வீடு திரும்பப் போகிறவர், ஆயினும் தேடி வருகிற நேரத்தில் இருக்கையில் இல்லாதவர் என்று நான்கு இலக்கணங்களால் வரையறுக்கத்தக்க ஒரு மனிதருக்கு உரியவை அந்த நாற்காலிகள். அவரைத் தேடி வருவோருக்குப் பக்கத்து மேசையிலிருந்து தவறாமல் கிடைக்கும் விடை "சார் இப்பதான் எழுந்து போனாரு" என்பதாகையால், அவரை 'எழுந்துபோனவர்' என்று வழங்குவது பொருத்தமாகும்.

அவரைச் சோம்பேறிகளோடு சேர்ப்பது வகைப்பாட்டுப் பிழை. சோம்பேறி என்பவர் வேலை செய்யாமலிருப்பதற்காக இம்மியும் மெனக்கெடாதவர். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிடக் கூடியவர். எழுந்துபோனவரோ ஒரு நாளில் இரண்டு மணி நேரம் வெளியே இருப்பதற்காக மீதி நேரம் முழுவதும் விழிப்போடு இருந்தாக வேண்டும்; யார் எப்போது வருவார், வந்தவரிடம் யார் என்ன சொல்வார், வட்டாட்சியரின் ஜீப் எந்தப் பக்கம் போயிருக்கிறது, எந்நேரம் திரும்பும் என்பனவற்றையெல்லாம் ஓயாமல் கணித்துக்கொண்டிருக்கும் அந்த மூளைக்கு ஓய்வு என்பதே கிடையாது. இந்த உழைப்பில் பாதியைக் கோப்புகளின்மீது செலுத்தியிருந்தால் அவர் இந்நேரம் துணை ஆட்சியராகியிருப்பார் என்று உடன் பணிபுரிவோர் சொல்வதில் மிகை அதிகமில்லை.

அவரை உருவாக்கியதில் விதிகளுக்கும் பங்கு உண்டு. மாநில அரசு அலுவலகங்களின் வேலை நேரம் காலை 10 மணி முதல் மாலை 5.45 மணி வரை என்றும், தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள் என்றும், மூன்று முறை தாமதமாக வந்தால் அதில் ஒரு நாள் கழியும் என்றும் வகுத்தவர்கள், ஊழியர் செய்யக்கூடிய குற்றங்கள் தாமதமாக வருவதும் முன்கூட்டியே போவதுமாகிய இரண்டே என்று நம்பியிருக்கிறார்கள். இதனால் நாளின் இரு ஓரங்களிலும் வேலி அமைந்து, நடுப்பகுதி மேய்ச்சலுக்குத் திறந்து கிடக்கிறது. அப்பகுதியைக் காப்பதற்கு 'மூவ்மெண்ட் ரிஜிஸ்டர்' எனப்படும், வெளியே செல்வோர் நேரத்தையும் நோக்கத்தையும் எழுதிவிட்டுச் செல்ல வேண்டிய பதிவேடு ஒன்று பல அலுவலகங்களில் உண்டு. உண்மையாகவே அலுவல் நிமித்தம் செல்பவர்கள் மட்டுமே அதில் எழுதுவதால், அதைப் புரட்டிப் பார்க்கும் தணிக்கையாளருக்கு அவ்வலுவலகம் ஒழுக்கத்தின் உறைவிடமாகத் தோன்றும். 2014இல் ஆதாருடன் இணைந்த கைரேகை வருகைப்பதிவு மத்திய அரசு அலுவலகங்களுக்கு வந்தபோது அங்குள்ள எழுந்துபோனவர்களின் காலம் முடிந்துவிட்டதாகக் கருதியவர்கள் உண்டு. ஆனால் வந்ததற்கும் போனதற்கும் விரலே சாட்சி சொல்லிவிட்டபடியால், இடைப்பட்ட நேரத்தைப் பற்றி மிச்சமிருந்த சிறு உறுத்தலும் நீங்கிற்று என்பதே அத்துறையில் தேர்ந்தோர் கண்ட பலன்.

இத்தனைக்கும் வருவாய்த்துறை அலுவலகங்கள் எதையும் எழுதி வைக்காமல் விடுபவை அல்ல. டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கும் அலுவலக நடைமுறையின்படி, உள்ளே வரும் ஒவ்வொரு தாளும் 'ந.க. எண்' எனப்படும் நடப்புக் கணக்கு எண்ணைப் பெற்று, அதைக் கையாளும் எழுத்தரின் 'தன்பதிவேடு' என்ற பேரேட்டில் ஏறி, எந்நாளில் வந்தது, யாருக்கு அனுப்பப்பட்டது, எப்போது நினைவூட்டப்பட்டது, எவ்வாறு முடிவுற்றது என்று கட்டம் கட்டமாகத் தன் வாழ்க்கை வரலாற்றைப் பெறுகிறது. பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனு இன்று எந்த அலமாரியின் எந்தக் கட்டில் இருக்கிறது என்று கேட்டால் அந்த முறையால் விடை தர முடியும். அந்த மனுவின் பொறுப்பாளர் இந்த நிமிடத்தில் எங்கே இருக்கிறார் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. உடனடி நடவடிக்கை தேவைப்படாத கோப்புகளைச் சில மாதங்களுக்கு ஒதுக்கி வைப்பதற்கென்றே 'கால் புக்' என்ற தனிப் பதிவேடு இருப்பதைச் சுட்டிக்காட்டி, காகிதத்திற்கு உரிய ஓய்வு மனிதருக்கு மறுக்கப்படுவதாக எழுந்துபோனவர் வாதிட்டால் அதை முற்றிலும் தள்ளிவிட இயலாது.

இருக்கையை விட்டு நீங்கும்போது அவர் விட்டுச்செல்லும் ஏற்பாடுகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. தலைக்குமேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். கோப்பின் டேக் அவிழ்ந்திருக்கும். குறிப்புத் தாளில் "பார்வையில் காணும் கடிதத்தின்படி" என்று தொடங்கிய வாக்கியம் எழுவாயையும் எட்டாமல் நிற்க, அதன்மீது மூடி கழற்றிய பேனா கிடக்கும். நாற்காலியின் கைப்பிடியில் ஹெல்மெட்டும் மேசைக்கடியில் சாப்பாட்டுப் பையும் இருக்கும். இவற்றுக்கெல்லாம் சிகரமாகக் கோப்பின்மேல் ஒரு மூக்குக் கண்ணாடி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். கண்ணாடி இல்லாமல் ஒருவர் வெகுதூரம் போயிருக்க மாட்டார் என்று காண்பவர் தாமாகவே முடிவு கட்டுவார். பவர் மாறியதால் கைவிடப்பட்ட பழைய கண்ணாடி அது என்பதும், இப்பணிக்கென்றே இழுப்பறையில் பாதுகாக்கப்பட்டு வருவது என்பதும் அவருக்குத் தெரிய நியாயமில்லை. வெளியேறும் நடையிலும் நுட்பம் உண்டு. வெறுங்கையோடு நடப்பவரை அலுவலகம் ஐயத்தோடு பார்க்கும்; கையில் ஒரு தாளோடு விரைந்து நடப்பவருக்கு வழிவிடும். ஆகவே எழுந்துபோனவரின் கையில் ஒரு தாள் எப்போதும் இருக்கும். அது ஆண்டுக்கணக்காக ஒரே தாள்தான்: என்றோ வந்த ஒரு சுற்றறிக்கையின் நகல், நான்காக மடித்து மடித்து ஓரங்கள் நைந்து, மூலையில் வட்டமாக டீக் கறை படிந்தது.

எனினும் இவ்வேற்பாடுகள் அனைத்தும் பக்கத்து மேசையின் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் ஒரு வாரம்கூடத் தாங்கா. வந்தவருக்குச் சொல்லப்படும் விடைகள் பொய்யாக ஒலிக்கக் கூடாது, மெய்யாகவும் இருக்கக் கூடாது என்பதால் அவை நெடுங்காலப் பயிற்சியில் படிநிலைகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன. "இங்கதான் எங்கயாவது இருப்பாரு" என்றால் டீக்கடை. "வந்திடுவாரு, உக்காருங்க" என்றால் உணவு இடைவேளைக்குப் பிறகு (உட்காருவதற்கு நாற்காலி எதுவும் இராது என்பது வேறு செய்தி). "ஃபீல்டுக்குப் போயிருக்காரு" என்றால், புலத்தணிக்கை என்னும் இடம் பார்க்கும் அலுவலின் பெயரால், அன்றைக்கு இல்லை. எல்லாவற்றினும் வலிமை வாய்ந்தது "கலெக்டர் ஆபீஸ் போயிருக்காரு" என்பது. குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமையில் அதை மறுத்துப் பேசும் துணிவு வட்டாட்சியருக்கே வராது. இச்சொற்களைச் சொல்பவர் கைம்மாறு கருதாதவர் அல்லர். இன்று தாம் சொன்னது நாளைக்குத் தமக்குச் சொல்லப்பட வேண்டும் என்ற எழுதாத ஒப்பந்தம் மேசைக்கு மேசை ஓடுகிறது. இந்த ஒப்பந்தத்தில் பெண் ஊழியர்களின் பங்கு மட்டும் பெரும்பாலும் ஒருவழியானது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிற்றூர்களில் டீக்கடை பெஞ்ச் இன்னும் ஆண்களுக்கே உரியதாக இருப்பதால் எழுந்து போவதற்கு அவர்களுக்கு இடமில்லை. தவணைக்குப் புடவை கொண்டு வருபவர் மூட்டையைப் பிரிக்கும் கால்மணி நேரமும், பள்ளி விட்டு வந்த பிள்ளை கதவைத் தாழிட்டதா என்று கேட்கும் தொலைபேசி அழைப்புமே அவர்களுடைய இடைவேளை. நான்கு எழுந்துபோனவர்களுக்காக ஒரே நாளில் விடை சொல்லி அலுத்த ஒரு பெண் எழுத்தர் இல்லாத அலுவலகம் அரிது.

அலுவலகத்திற்குள்ளேயே பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் கேனில் டீ கொண்டுவரப்பட்டு மேசைதோறும் ஊற்றப்படுகையில், எழுந்துபோனவர் ஏன் எதிர்ப்புறத்துக் கடைக்குப் போகிறார் என்ற கேள்வி எழலாம். மேசைக்கு வரும் டீயை அவர் மறுப்பதில்லை; அதைக் குடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போகிறார். கடையில் கிடைப்பது அகவிலைப்படி எத்தனை சதவீதம் உயரும், இடமாறுதல் பட்டியலில் யார் யார், 2003 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்தவர்களின் ஓய்வூதியம் என்னவாகும் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வரங்கம். டீ அதன் நுழைவுக் கட்டணம். ஒரே நாளிதழ் தாள் தாளாகப் பிரிந்து பெஞ்சில் இருக்கும் அறுவரிடமும் சுற்றி வரும். அவற்றில் எண்ணெய் படிந்த தாள் ராசிபலன் பகுதியாக இருக்கும். வடையைக் காகிதத்தில் வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிந்தெடுக்கும் பொறுமையை அவருடைய தன்பதிவேடு ஒருபோதும் கண்டதில்லை. அண்மைக்காலத்தில் இந்தப் புகலிடத்திற்கும் ஓர் ஆபத்து வந்திருக்கிறது. கைப்பேசியில் பணம் செலுத்தியதும் கடைக்காரரின் பெட்டி அத்தொகையை ஊருக்கே கேட்கும்படி அறிவிப்பதோடு, செலுத்திய நாளும் நேரமும் நிமிடம் பிசகாமல் பதிவாகிவிடுகின்றன. நாட்டின் பணப்பரிவர்த்தனை முழுவதும் மாறிய பின்னும் எழுந்துபோனவர் மட்டும் கடைக்காரரின் பழைய கணக்கு நோட்டிலேயே எழுதச் சொல்லி, சம்பளத்தன்று ரொக்கமாகத் தீர்ப்பதன் காரணம் இதுதான்.

அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் அமர்ந்திருக்கும் மனு எழுதுபவருக்கு எந்த அலுவலர் எங்கே இருப்பார் என்பது மூவ்மெண்ட் ரிஜிஸ்டரைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கேட்காதவருக்கு அவர் சொல்வதில்லை. அதனால் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்துவிட்டு மூன்றாம் முறையாக வந்திருக்கும் முதியவர் ஒருவர், காத்திருந்து கால் கடுத்து, டீ குடிக்கலாமென்று அதே பெஞ்சில் அதே எழுந்துபோனவரின் பக்கத்தில் வந்து அமர்வது அடிக்கடி நிகழக்கூடியது. முதியவர் தம் குறையைச் சொல்வார். சீட்டில் ஆளே இருப்பதில்லை என்பார். எழுந்துபோனவர் உள்ளன்போடு கேட்டு, நாட்டின் நிர்வாகம் கெட்டுவிட்டதென்று ஒப்புக்கொண்டு, "எந்த ஊருங்கய்யா? சர்வே நம்பர் என்ன?" என்று விசாரித்து, "நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள போயிடுங்கய்யா, அதுக்கப்புறம் ஆளப் புடிக்க முடியாது" என்று அறிவுரையும் கூறி, முதியவரின் டீக்கும் சேர்த்துத் தம் கணக்கில் எழுதச் சொல்வார். அன்று மாலையே அந்தக் கோப்பு மேலே போய்விடுவதும் உண்டு. இதைக் கொண்டு டீக்கடையே உண்மையான அலுவலகம் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள்; அந்த வாதத்தில் முதியவரின் மூன்று நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

எழுந்துபோனவர் எழாத காலமும் ஒன்று உண்டு. ஜூலை முதல் நாள் தொடங்கும் வருவாய்த்துறையின் பசலி ஆண்டு ஜூன் 30இல் முடிவதை ஒட்டி, கிராமக் கணக்குகள் அனைத்தையும் உயர் அலுவலர் வந்து சரிபார்க்கும் ஜமாபந்தி நடைபெறும் நாள்களில் அவர் இரவு ஒன்பது மணி வரை நாற்காலியில் இருப்பார், இரண்டு மாத வேலையை நான்கு நாளில் முடிப்பார், பிழையும் இராது. அவருடைய திறமையைப் பற்றி ஐயமிருந்தவர்களுக்கு அந்நாள்கள் விடை சொல்லும் என்றாலும், மற்ற நாள்களைப் பற்றிய ஐயம் அதனால் கூடுமேயன்றிக் குறையாது.

இருந்த இடத்திலேயே மேசைக்கடியில் கைப்பேசியை வைத்துக் காணொளிகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் புதிய தலைமுறையினரை எழுந்துபோனவர் மதிப்பதில்லை. வடையும் இல்லை, வெயிலும் இல்லை, ஊர்ப்பேச்சும் இல்லை, மனு கொடுக்க வந்தவர் பார்த்துவிடவும் கூடும் என்பன அவர் கூறும் குறைகள்.

காலம் வரும்போது அவரும் பதவி உயர்ந்து துணை வட்டாட்சியராவார். பிறர் வருகையைக் கண்காணிப்பது அவருடைய கடமையாகிவிடும். தேடி வருபவர்கள் நேரே அவருடைய மேசைக்கே வருவதால் எழுந்து போகவும் வழியிராது. டீ பீங்கான் கோப்பையில் அவரிடம் வந்து ஆறும். கொடுங்கோலராவார் என்று சிலரும், கண்டுகொள்ள மாட்டார் என்று சிலரும் எதிர்பார்த்திருக்க, பதினொன்றே முக்கால் மணிக்குக் கையில் ஒரு தாளோடு விரைந்து உள்ளே வரும் இளம் எழுத்தரை அவர் ஒருநாள் கைகாட்டி நிறுத்தி, அந்தத் தாளை வாங்கிப் பிரித்துப் பார்ப்பார். தம் பழைய மேசையின் இழுப்பறையில் விட்டு வந்த அதே சுற்றறிக்கை, அதே வட்டக் கறை; இப்போது அதன் பக்கத்தில் இன்னொரு வட்டம் புதிதாக விழுந்திருக்கும். மடிப்பு கிழியாமல் நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கிழியப் போகுது, லேமினேஷன் போட்டு வெச்சுக்க தம்பி" என்பார்.