கல்லுக்கு அடியில் என்ன? – கேள்வி பதில்

மெல்பர்னில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேரன் தினமும் மெரி ஓடைப் பாதைக்கு இழுத்துப்போய், போனைப் பார்த்துப் பார்த்துக் கல்லைப் புரட்டுகிறான். எதைத் தொலைத்தான்?

தொலைக்கவில்லை ஐயா, யாரோ ஒளித்ததைத் தேடுகிறான். இதன் பெயர் ஜியோகேச்சிங். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவிட்டு, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும்.

யார் கிளப்பிவிட்ட வேலை இது?

அமெரிக்க ராணுவம் பொதுமக்களின் ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. 100 மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். அதிபர் கிளின்டன் உத்தரவால் 2000 மே 1 நள்ளிரவில் அந்தக் குழப்பம் நின்றது. மே 3-ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஆரெகன் மாநிலத்துக் காட்டோரம் ஒரு கறுப்பு வாளியை வைத்து, இடத்தை அறிவித்துவிட்டார். வாளிக்குள் புத்தகம், கவண், ஒரு டின் பீன்ஸ்!

போன் 'வந்தாச்சு' என்கிறது. டப்பாவைக் காணோமே?

போன் வேலை அங்கே முடிந்தது. இனி கண்ணுக்கு வேலை. திறந்தவெளியிலேயே போன் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும். ஓடைக்கரையில் மேலே மரக்கிளை, பக்கத்தில் பாறை. சிக்னல் பட்டுத் தெறித்து அம்புக்குறி தள்ளாடும். போனைச் சட்டைப்பையில் போடுங்கள். நாமே ஒளிப்பதானால் எங்கே வைப்போம் என்று யோசியுங்கள். கற்கள் தாமாக வரிசையில் அடுக்கிக்கொள்வதில்லை. மரப்பட்டை தானாக வந்து பொந்தை மூடாது. நடைப்பாலம் வந்தால் இரும்புக் கைப்பிடியின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். சுண்டுவிரல் நகமளவு குப்பி காந்தத்தால் ஒட்டியிருக்கலாம். திருகினால் உள்ளே இறுகச் சுருட்டிய காகிதம், அதில் நுணுக்கி நுணுக்கிப் பல பெயர்கள். பேனா நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

பொந்தில் கை விடலாமா?

கூடவே கூடாது! மெரி ஓடைக்கரையில் டைகர் பாம்பு உண்டு, கடும் விஷம். பாம்பு அதிகம் நடமாடும் வெயில் காலம் அங்கே நம் மார்கழி, தையில். குச்சியால் தட்டிப் பார்த்த பிறகே குனியுங்கள். பாம்பைக் கண்டால் மெல்லப் பின்வாங்குங்கள், அது போய்விடும். கடித்துவிட்டால் ஓர் அடிகூட நடக்காமல், துணியை இறுக்கிச் சுற்றி, 000 என்ற அவசர எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

டப்பாவில் அழகான பொம்மை இருந்தது. எடுக்கலாமா?

எடுக்கலாம், அதே மதிப்புள்ள ஒன்றை வைத்துவிட்டு. முறுக்கு வேண்டாம், எறும்பும் போசம் என்கிற அந்த ஊர் விலங்கும் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

நானும் ஒன்று ஒளிக்க ஆசைப்படுகிறேன்.

தாராளமாக. நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்குங்கள். குழி தோண்டக் கூடாது; அடுத்த டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இடம் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் மனசு தெரியும். அந்தக் கரை தானாகப் பசுமையானதல்ல. ஒருகாலத்தில் சாக்கடை மாதிரி நடத்தப்பட்ட ஓடை அது. 1989-இல் தொடங்கிய மெரி ஓடை மேலாண்மைக் குழுவும் ஊர்க்காரர்களும் உள்ளூர்ச் செடிகளை நட்டு நட்டு மீட்டார்கள். இளஞ்செடிகளுக்கு நடுவே ஒளித்தால் தேடி வருகிற ஒவ்வொரு காலும் அவற்றை மிதிக்கும். பாதையில் நின்றபடியே கைக்கு எட்டும் இடமாகப் பாருங்கள். வெள்ள மட்டத்துக்கு மேலேயும் இருக்கட்டும். பெருமழைக்கு ஓடை மளமளவென ஏறும். அடித்துப்போன டப்பா டைட்ஸ் அருவியருகே யாரா ஆற்றில் கலந்து இன்னொரு குப்பையாகிவிடும்.

கிடைக்காத நாளில் பேரன் முகம் வாடிவிடுகிறதே?

வெறுங்கையோடு திரும்ப விடாதீர்கள். வழியில் கிடக்கும் பாட்டில், உறை எல்லாவற்றையும் பொறுக்கி வருவது 2002-லிருந்தே இந்த ஆட்டக்காரர்களின் வழக்கம். நாளைக்குப் போகும்போது பேனாவோடு ஒரு காலிப் பையும் எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா.