விமானத்தில் இடம் பிடித்தல்: புறத்திணை நோக்கில் ஓர் ஆய்வு

புணேயின் ஔந்தில் குடியிருக்கும் தமிழர்கள் சென்னை விமானம் ஏறுவதற்குக் கையாளும் போர்முறைகளைத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் துணையோடு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். பல்கலைக்கழகம் பக்கத்திலேயே கணேஷ்கிண்டில் இருந்தும் அங்கே யாரும் இதில் கை வைக்காததால், பிரெமன் சவுக்கில் கேப்புக்காகக் காத்து நிற்கும் நேரத்தில் அக்குறை இங்கே களையப்படுகிறது.

முதலில் வரலாறு. டவுன் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டை வீசி இடம் போட்டவர்களே இத்துறையின் மூலவர்கள். எந்தச் சட்டமும் துண்டுக்கு உரிமை தரவில்லை. ஆனாலும் துண்டு கிடந்த சீட்டில் உட்கார்ந்தவர் அடுத்த ஸ்டாப் வரை நிம்மதியாகப் போனதில்லை. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1971-இல் பறக்கத் தொடங்கியபோதே இதே முறையைக் கைக்கொண்டது. சீட் எண் கிடையாது. பிற்காலத்தில் ஏ, பி, சி என்று மூன்று அணி வகுத்து, அணிக்கு 60 பேர் வரை வரிசை எண் கொடுத்தார்கள். செக்-இன் 24 மணி நேரத்துக்கு முன்னால் திறக்கும். திறந்த கையோடு பட்டனைத் தட்டாதவர் சி அணியில் கடைசியாக ஏறி, இரண்டு பருமனான மனிதர்களுக்கு நடுவே அடங்குவார். ஆக, துண்டை முந்தின நாளே எறிந்தாக வேண்டியிருந்தது. 2026 ஜனவரி 27 முதல் அவர்களும் எண் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் நாட்டில் எண் இல்லாத முறையைச் செய்து பார்த்தவர் கேப்டன் கோபிநாத். 2003-இல் அவர் தொடங்கிய ஏர் டெக்கானில் ஏறியவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம். அவர் கதையைத் தழுவிய 'சூரரைப் போற்று' படத்தில் நாயகன் விமானம் வாங்கப் பட்ட பாடு இருக்கிறது. பயணிகள் ஜன்னலோரம் வாங்கப் பட்ட பாடு இல்லை. இயக்குநர் இதையும் கவனித்திருக்கலாம். விமானத்துக்குக் கொண்டுபோகும் பஸ்ஸில் முந்தி ஏறியவர் கூட்டத்தில் உள்ளே தள்ளப்படுவார். கடைசியில் தொற்றிக்கொண்டு கதவருகே நின்றவர்தான் முதலில் இறங்கி ஏணியைப் பிடிப்பார். முந்தினவனுக்குப் பந்தி என்ற நம் மரபு நிலைகுலைந்த இடம் அது.

இப்போது உள்நாட்டு விமானங்களில் எல்லாருக்கும் சீட் எண் உண்டு. வெப் செக்-இன்னில் காசு கொடுத்து வாங்கிய சீட்டை யாரும் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை. பிறகு ஏன், அறிவிப்பு வருவதற்கு அரை மணி முன்பே கேட்டில் கூட்டம் அடைத்து நிற்கிறது? 2024 ஜூலையில் புணே விமான நிலையமான லோஹகாவில் புது டெர்மினல் திறந்தார்கள். உட்கார நிறைய நாற்காலி. உட்காரத்தான் ஆள் இல்லை.

இக்கட்டுரையின் கருதுகோள் இது: எண் இல்லாத இடம் விமானத்தில் இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அது தலைக்கு மேல், பை வைக்கும் பெட்டி. போர் அங்கே மாறிவிட்டது. அமெரிக்க இயற்பியலர் ஜேசன் ஸ்டெஃபன் 2008-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு வலுச் சேர்க்கிறது. நேரம் நடப்பதில் போவதில்லை, பையை ஏற்றுவதில் போகிறது என்று கண்டு, பின்னாலிருந்து ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக, ஜன்னலோரத்தவரை முதலில் அனுப்பச் சொன்னார். பலர் ஒரே சமயத்தில் பை ஏற்றலாம் அல்லவா? நல்ல யோசனைதான். மாமாவை ஜன்னலோரத்துக்கு அனுப்பிவிட்டு மாமியை நிறுத்தி வைக்கும் தைரியம் எந்த நிறுவனத்துக்கு உண்டு என்பதை மட்டும் அவர் ஆராயவில்லை.

இனித் திணைப் பகுப்பு. கேட்டைச் சூழ்ந்து நிற்பது உழிஞை. மதில் வளைத்தல் என்றே இலக்கணம் சொல்கிறது. நான்காம் குழுவுக்குரிய பாஸை வைத்துக்கொண்டு முதல் குழுவோடு நைசாக நகர்வது வெட்சி, அதாவது களவில் ஆநிரை கவர்தல். பெட்டியைத் திறந்து, அங்கிருந்த லேப்டாப் பையைப் பக்கவாட்டில் திருப்பித் தன் டிராலியை நுழைப்பது வஞ்சி. மண்ணாசையால் பிறர் நாட்டின் மேல் செல்வது. லேப்டாப்காரர் எழுந்து நின்று "உள்ளே ஃப்ரஜைல் இருக்கு சார்" என்பது, தொல்காப்பியர் உழிஞையில் அடக்கியதும் பின்னோர் தனித் திணையாகப் பிரித்ததுமான நொச்சி. இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் தும்பை. பணிப்பெண் வந்து இரண்டையும் ஒரே அழுத்தில் மூடிவிட்டுப் போவது வாகை.

களத்தில் கண்ட படைக்கலங்களில் தலையாயது புணேயின் நொறுக்குத்தீனியான சிதளே பாகர்வடி. அனுமதி 7 கிலோ. பை அந்த அளவில் இருக்கும். பாகர்வடிப் பொட்டலங்கள் தோளில் தனியாகத் தொங்கும். அது பை இல்லை, சென்னைக்காரர்களுக்கான பிரியம் என்பது ஔந்து வழக்கு. நசுங்கக் கூடாது என்பதால் அதன் மேல் எதையும் வைக்க விடமாட்டார்கள். இப்படி அரைக் கிலோ பாகர்வடி இரண்டு டிராலியின் இடத்தை ஆள்கிறது.

காஞ்சித் திணைக்கு உதாரணம் கிடைப்பதுதான் அரிது என்று நினைத்திருந்தோம். நிலையாமையை விமானத்தில் எங்கே தேடுவது? ஆறாம் வரிசைப் பெட்டி நிரம்பியதால் பணிப்பெண் ஒரு மாமியின் பையை வாங்கிப் பின்னால் எங்கோ வைத்துவிட்டார். சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டதும் மொத்த விமானமும் எழுந்து நின்றது. மாமி மட்டும் உட்கார்ந்திருந்தார். வழி விட்டவரிடம் சொன்னார்: "நீங்கள்லாம் இறங்குங்கோ. என் பை இருபத்திரண்டுல இருக்கு."